தீட்டும் தொற்றும்: மலக்குழிகளில் வாழும் உயிர்களைப் பற்றி

(காளப்பநாயக்கன்பட்டியில் நிகழ்த்திய நினைவுச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



நினைவுச் சொற்பொழிவு என்றால் மேடையில் ஒரு பெரியவரின் படம் இருக்கும். மாலை இருக்கும். அவர் பெயரைச் சொல்லித்தான் பேச்சு தொடங்கும். இந்த மேடையில் படம் இல்லை. மலக்குழியிலும் பாதாளச் சாக்கடையிலும் ஆலைத் தொட்டியிலும் மூச்சடைத்து இறந்துபோன எல்லோருடைய நினைவாகவும்தான் இன்று கூடியிருக்கிறோம். அப்படி இறந்தவர்களின் வீட்டார் சிலர் முன்வரிசையில் உட்கார்ந்திருக்கிறார்கள். அவர்களைக் கேட்காமல் யாருடைய பெயரையும் நாங்கள் சொல்லப்போவதில்லை.

நாங்கள் என்று சொல்வது மேடை மரியாதைக்காக அல்ல. இந்த உரையை நான்கு பேர் சேர்ந்து எழுதினோம். நால்வரும் தூய்மைப் பணியாளர் வீட்டுப் பிள்ளைகள். இரண்டு பேர் நுண்ணுயிரியல் படித்தவர்கள். ஒருவர் ஒப்பந்தத் தொழிலாளி. ஒருவர் கதை எழுதுகிறவர். படிப்பது ஒரு குரல், பேசுவது நால்வர்.

இலக்கிய மேடையில் பாக்டீரியாவைப் பற்றியா பேசப்போகிறீர்கள் என்று நண்பர்கள் கேட்டார்கள். ஆமாம் என்றோம். அழுக்கு எங்கே இருக்கிறது என்ற கேள்விக்குச் சாதி ஒரு பதிலை வைத்திருக்கிறது. அழுக்கு ஒரு மனிதனின் பிறப்பில் இருக்கிறது, அவன் தொட்டால் ஒட்டிக்கொள்ளும் என்பது அந்தப் பதில். அதன் பெயர் தீட்டு. இந்தப் பதில் பொய் என்று நாம் நூறு ஆண்டுகளுக்கு மேலாகச் சொல்லி வருகிறோம். உண்மையான பதில் என்ன என்பதையும் நாம்தான் சொல்ல வேண்டும். ஏனென்றால் அந்தப் பதில் தெரியாமல்தான், அல்லது தெரிந்தும் மறைக்கப்பட்டதால்தான், நம் ஆட்கள் செத்துக்கொண்டிருக்கிறார்கள்.

1. கட்டிய இடமெல்லாம் ஒரு காடு

நாமக்கல்லிலிருந்து சேந்தமங்கலம் வழியாக இந்த ஊருக்கு வருகிறோம். இங்கிருந்து காரவள்ளி. அதற்குமேல் 70 கொண்டை ஊசி வளைவு ஏறினால் கொல்லிமலை. மலைக்காட்டு மண்ணில் ஒரு சிட்டிகை எடுத்தால் அதில் கோடிக்கணக்கான பாக்டீரியாக்கள் இருக்கும். அதை யாரும் அசுத்தம் என்பதில்லை. மண்வாசனை என்று கவிதை எழுதுவோம். அந்த வாசனையே பெரும்பாலும் ஸ்ட்ரெப்டோமைசிஸ் என்ற வகைப் பாக்டீரியாக்கள் உண்டாக்கும் பொருளிலிருந்து வருவதுதான்.

மலையடிவாரத்தில் மனிதர்கள் கட்டிய இடங்களிலும் இதேபோல் காடுகள் உண்டு. மூன்றைச் சொல்கிறோம். முதலாவது சேகோ ஆலையின் தொட்டி. மரவள்ளிக் கிழங்கை அரைத்துப் பாலெடுத்து மாவு படியவிடும்போது மேலே நிற்கிற நீரில் லாக்டிக் அமிலப் பாக்டீரியாக்கள் பெருகிப் புளிக்கவைக்கும். அந்தக் கழிவுநீர் குழியில் தேங்கினால், காற்று இல்லாமல் வாழ்கிற வேறு கூட்டம் அதைப் பிடித்துக்கொள்ளும். சேகோ ஆலைப் பக்கம் போகிற பேருந்தில் ஜன்னலை மூடுகிறோமே, அந்த நாற்றம் அவற்றின் வேலை.

இரண்டாவது கோழிப்பண்ணை. கூண்டுக்கு அடியில் குவியும் எச்சத்தில் உள்ள யூரிக் அமிலத்தைப் பாக்டீரியாக்கள் சிதைக்கின்றன. கண்ணைக் கரிக்கும் அம்மோனியா அதிலிருந்து வருகிறது. மூன்றாவது நம் வீடுகளுக்குப் பின்னால் சிமெண்ட் மூடி போட்டுக் கிடக்கிற செப்டிக் டேங்க். இன்றைய பேச்சு முக்கியமாக இந்த மூன்றாவதைப் பற்றியது.

அதற்குமுன் சமையலறைக்குள் ஒரு நிமிடம். அரிசியும் உளுந்தும் ஆட்டி வைத்த மாவு காலையில் பொங்கியிருக்கிறது. யார் பொங்க வைத்தது? லூக்கனாஸ்டாக் போன்ற பாக்டீரியாக்கள். அவை தானியத்திலேயே இருந்தன. பாத்திரம், ஈரம், இரவின் சூடு, உப்பு ஆகியவற்றைக் கொடுத்து நாம்தான் அவற்றை வளர்த்தோம். ஃப்ரிட்ஜில் வைத்தால் பொங்காது. இந்த உரை முழுவதற்கும் தேவையான ஒரு விதி இதில் இருக்கிறது: எந்த இடத்தை எப்படி அமைக்கிறோமோ, அதற்கேற்ற உயிர்கள்தான் அங்கே பெருகும்.

2. மூடிய குழியும் திறந்த தொட்டியும்

மனித உடலில் ஏறக்குறைய 38 லட்சம் கோடி பாக்டீரியாக்கள் இருக்கின்றன என்று 2016-ல் வெளியான ஒரு கணக்கு சொல்கிறது. உடலின் சொந்த செல்களோ சுமார் 30 லட்சம் கோடி. பாக்டீரியாக்களில் பெரும்பகுதி பெருங்குடலில் வாழ்கிறது. மலத்தின் உலர்ந்த எடையில் கால் பங்குக்கு மேல் பாக்டீரியாதான். இந்தக் கணக்கில் மேல்சாதிக் குடல், கீழ்சாதிக் குடல் என்ற பிரிவு கிடையாது. தின்கிற சாப்பாட்டையும் இருக்கிற இடத்தையும் பொறுத்து வகைகள் மாறும், அவ்வளவுதான்.

இந்த மலத்தை என்ன செய்வது என்பதற்கு நவீன உலகம் முக்கியமாக இரண்டு வழிகளைக் கண்டது. 1895-ல் இங்கிலாந்தின் எக்ஸிடர் நகரில் டொனால்ட் கேமரன் என்பவர் மூடிய தொட்டி ஒன்றைக் கட்டி, அதற்கு செப்டிக் டேங்க் என்று பெயர் வைத்தார். காற்று இல்லாத இருட்டில் பாக்டீரியாக்களே கழிவைக் கரைக்கும் என்பது திட்டம். அதிலிருந்து வந்த வாயுவை எடுத்து விளக்கெரிக்கவும் செய்தார்கள். அதாவது, இந்தத் தொட்டிக்குள் எரிகிற வாயு உண்டாகும் என்பது இது பிறந்த காலத்திலேயே தெரிந்த செய்தி.

இரண்டாவது வழி 1914-ல் மான்செஸ்டரில் வந்தது. ஆர்டெர்ன், லாக்கெட் என்ற இருவர் கழிவுநீருக்குள் காற்றைச் செலுத்தினார்கள். காற்றை விரும்பும் பாக்டீரியாக்கள் பெருகி, கழிவைத் தின்று, கட்டிகளாகத் திரண்டு அடியில் படிந்தன. இன்று பெருநகரங்களின் சுத்திகரிப்பு நிலையங்களில் பல இந்த முறையில்தான் ஓடுகின்றன. 23 நாடுகளில் 269 நிலையங்களிலிருந்து மாதிரி எடுத்து ஆராய்ந்த முடிவு 2019-ல் வந்தது. உலகம் முழுவதும் உள்ள இத்தகைய தொட்டிகளில் சுமார் 100 கோடி வகைப் பாக்டீரியாக்கள் இருக்கக்கூடும் என்று அதில் மதிப்பிட்டார்கள். அவற்றில் 28 வகைகளைத்தான் உலகத்துக்குப் பொதுவான மையக் கூட்டமாக அடையாளம் கண்டார்கள். மற்றவை ஊருக்கு ஊர் வேறுபடும்.

ஒரே கழிவு, இரண்டு கட்டுமானம். காற்றைக் கொடுத்தால் ஒரு கூட்டம் வளர்கிறது, மூடி வைத்தால் இன்னொரு கூட்டம் வளர்கிறது. மூடிய குழிக்குள் நடப்பதைப் படிப்படியாகச் சொல்கிறோம்.

முதலில் சில பாக்டீரியாக்கள் மாவையும் கொழுப்பையும் புரதத்தையும் உடைக்கின்றன. வேறு சில அந்தத் துண்டுகளை அமிலங்களாக மாற்றுகின்றன. அதன் முடிவில் மீத்தேன் உண்டாகிறது. மீத்தேனை உண்டாக்குபவை பாக்டீரியாக்களே அல்ல, ஆர்க்கியா எனப்படும் வேறொரு உயிர்க்குலம் என்பதை 1977-ல் கார்ல் வூஸ் பிரித்துக் காட்டினார். இவற்றுக்கு நடுவே டீசல்ஃபோவிப்ரியோ போன்ற ஒரு கூட்டம் இருக்கிறது. நாம் ஆக்ஸிஜனைச் சுவாசிப்பதுபோல் அவை சல்ஃபேட்டைப் பயன்படுத்துகின்றன. சல்ஃபேட் எங்கிருந்து வருகிறது? போர்த் தண்ணீரில் இருக்கிறது. துணி துவைக்கும் பவுடரில் எடை கூட்டச் சேர்க்கும் பொருளிலும் இருக்கிறது. அதை எடுத்துக்கொண்டு அவை வெளியே விடுவது ஹைட்ரஜன் சல்ஃபைடு. அழுகிய முட்டை நாற்றம் அடிக்கிற விஷவாயு அதுதான்.

இந்த வாயு காற்றைவிடக் கனமானது. குழியை விட்டு எளிதில் மேலே வராது. பெரும்பகுதி கசடுக்குள்ளும் நீருக்குள்ளும் கரைந்து கிடக்கும். மேலே ஏடுபோல் இறுகிய படலம் அதை மூடி வைத்திருக்கும். யாராவது அந்த ஏட்டைக் குத்தி உடைத்தாலோ கசடைக் கிளறினாலோ மொத்தமாக எழும்பும். கழிப்பறை கழுவும் ஆசிட்டை ஊற்றினாலும் அப்படித்தான்.

3. விளக்கு நின்று எரிந்தது

எங்களில் ஒருவருடைய பெரியப்பா இந்தப் பக்கத்துத் தோட்டத்து வீடு ஒன்றில் டேங்க் எடுக்கப் போனார். யார் வீடு என்பது இங்கே தேவையில்லை. அவருக்கு ஒரு முறை இருந்தது. முந்தின நாள் இரவே மூடியைத் திறந்து போடச் சொல்வார். காலையில் கயிற்றில் ஒரு விளக்கைக் கட்டி உள்ளே இறக்குவார். அணைந்தால் இறங்க மாட்டார். எரிந்தால் ஒரு குவார்ட்டர் ஊற்றிக்கொண்டு இறங்குவார். குடிக்காமல் இறங்க முடியாது என்பது இந்த அவையில் விளக்க வேண்டிய விஷயமல்ல.

அன்றைக்கு விளக்கு அணையவில்லை. "வெளக்கு நின்னு எரியுது சாமி, எறங்கலாம்" என்று கூடப்போன பையனிடம் சொல்லியிருக்கிறார். வழக்கமாக இடுப்பில் கயிறு கட்டமாட்டார். அன்று பெரியம்மாவும் கூட இருந்ததால் அவர் கட்டாமல் விடவில்லை. இறங்கி, கடப்பாரையால் ஏட்டைக் குத்தினார். பிறகு நடந்ததை அவர் பலமுறை சொல்லியிருக்கிறார். அவர் சொன்னபடியே எழுதிவைத்திருக்கிறோம்:

"மொட்ட நாத்தம் குப்புனு அடிச்சுது. கொஞ்ச நேரத்துல நாத்தம் நின்னு போச்சு. சரி, காத்து பூந்துருச்சாட்டம் இருக்குதுன்னு நெனச்சேன். அப்பறம் முட்டிக்கால் ரெண்டும் எனக்குச் சொந்தமில்லாத மாதிரி போயிருச்சு."

நாற்றம் நிற்கவில்லை. மூக்கு நின்றுபோனது. காற்றில் பத்து லட்சத்தில் ஒரு பங்குக்கும் குறைவாக இந்த வாயு இருந்தாலே மூக்குக்குத் தெரியும். 100 பங்கைத் தாண்டினால் முகரும் நரம்பு மரத்துப்போகும். 500 பங்குக்கு மேல் நினைவு தப்பும். 1,000 பங்கு ஆனால் ஒன்றிரண்டு மூச்சில் ஆள் சாய்ந்துவிடுவார். 1,000 பங்கு என்றால் நூற்றில் பத்தில் ஒரு பங்கு. அந்த அளவு விஷவாயு இருக்கிற காற்றிலும் ஆக்ஸிஜன் குறையாமல் இருக்கலாம். அதனால் விளக்கு நன்றாகவே எரியும். விளக்கு ஆக்ஸிஜனைத்தான் சொல்லும், விஷத்தைச் சொல்லாது. மீத்தேன் 100-க்கு 5 முதல் 15 பங்கு வரை கலந்திருந்தால் அதே விளக்கு குழியை வெடிக்கவும் வைக்கும். இரவு முழுதும் மூடியைத் திறந்து வைத்தால் மேலே நிற்கும் வாயு போகலாம். கசடுக்குள் இருப்பது கடப்பாரைக்காகக் காத்திருக்கும்.

பெரியப்பாவின் அறிவு குறைந்த அறிவல்ல. அவருக்கு மூன்று தலைமுறை அனுபவம் இருந்தது. விளக்கு ஒரு உண்மையைச் சொன்னது, மூக்கு ஒரு உண்மையைச் சொன்னது. குழிக்குள் இருந்த மூன்றாவது உண்மை கருவி இல்லாமல் யாருக்கும் தெரியாது. அந்தக் கருவி கையடக்கமானது. அதைப் பற்றிய செய்தியே எங்கள் தெருவுக்கு வந்து சேரவில்லை.

கயிறு இருந்ததால் அவரை மேலே இழுத்தார்கள். இழுக்கிறவர்கள் பதறி உள்ளே இறங்கியிருந்தால் மூன்று பேர் போயிருப்பார்கள். செய்தித்தாளில் ஒரே குழியில் இரண்டு பேர், மூன்று பேர் பலி என்று வருவதெல்லாம் அப்படித்தான். முதல் ஆள் வேலைக்கு இறங்கியவர், மற்றவர்கள் காப்பாற்ற இறங்கியவர்கள். பெரியப்பா அதன்பிறகு 11 ஆண்டுகள் இருந்தார். ஓயாத தலைவலி இருந்தது. பேரப்பிள்ளைகளின் பெயர்கள் மறந்துபோகும். விபத்து என்று எங்கும் பதிவாகவில்லை, ஏனென்றால் அவர் சாகவில்லை.

4. காங்கிரீட்டுக்கு வந்த அக்கறை

எங்களில் இருவர் படித்த கல்லூரியின் பெயர் வேண்டாம். ஆய்வகத்துக்குக் கழிவுநீர் மாதிரி எடுத்துவர வேண்டிய நாளில் யாரும் எங்களைப் பெயர்சொல்லிக் கூப்பிடவில்லை. வகுப்பு முழுவதும் எங்களைத் திரும்பிப் பார்த்தது. நாங்களே எழுந்துபோய் எடுத்துவந்தோம். அன்று மாலை நூலகத்தில் சாக்கடைப் பாக்டீரியா பற்றித் தேடிப் படித்தபோது ஒரு செய்தி கண்ணில் பட்டது.

ஆஸ்திரேலியாவின் மெல்போர்ன் நகரில் சாக்கடைக் குழாய்களின் காங்கிரீட் கரைந்துகொண்டிருந்தது. ஏன் என்று ஆராய்ந்த சி. டி. பார்க்கர் 1945-ல் காரணத்தை வெளியிட்டார். குழாயின் அடியில் ஒரு பாக்டீரியாக் கூட்டம் ஹைட்ரஜன் சல்ஃபைடை உண்டாக்குகிறது. அது மேலெழும்பிக் குழாயின் கூரையில் படிகிறது. அங்கே ஈரத்தில் வாழும் இன்னொரு கூட்டம், தயோபாசில்லஸ் வகை, அதைக் கந்தக அமிலமாக மாற்றுகிறது. அமிலம் காங்கிரீட்டைத் தின்கிறது. அடியில் இருப்பதும் கூரையில் இருப்பதும் ஒன்றையொன்று பாராமலே ஒரே வேலையைச் செய்து முடிக்கின்றன.

அதன்பிறகு உலகெங்கும் பொறியாளர்கள் குழாய்க்கு உட்பூச்சு பூசினார்கள், காற்றுப்போக்கிகள் வைத்தார்கள், வாயுவை அளந்தார்கள். குழாய் கெட்டுப்போகக் கூடாது என்ற அக்கறை அது. அந்த அக்கறை தவறில்லை. ஆனால் நம் நாட்டில் அதே வாயு அதே குழாய்க்குள் இறங்கிய மனிதரின் நுரையீரலுக்குப் போனபோது, அளக்கிற கருவி எங்கே போனது என்று கேட்க யாரும் இல்லை. காங்கிரீட்டை மாற்றினால் செலவு. ஆளை மாற்றினால் செலவில்லை. சாதி எப்போதும் அடுத்த ஆளைத் தயாராக வைத்திருக்கும்.

ஆகவே விஷவாயு தாக்கி இறந்தார் என்ற செய்தி வாக்கியத்தை நாங்கள் ஏற்பதில்லை. வாயு தாக்கவில்லை. அது இருக்கும் என்று தெரிந்த இடத்துக்குள் ஒருவர் அனுப்பப்பட்டார். பாக்டீரியாவுக்கு நோக்கம் கிடையாது. மூடி போட்டவருக்கும் அனுப்பியவருக்கும் அது உண்டு.

5. குளமும் தொட்டியும் குவளையும்

1927 மார்ச் 20 அன்று மகாட் நகரின் சவுதார் குளத்தில் அண்ணல் அம்பேத்கர் இறங்கி நீர் அருந்தினார். ஆயிரக்கணக்கானோர் அவரைப் பின்தொடர்ந்தார்கள். பிறகு ஊரார் குளத்தைச் சுத்தப்படுத்தினார்கள். எப்படி? பால், தயிர், சாணம், மாட்டு மூத்திரம் ஆகியவற்றைக் குடம் குடமாக மந்திரத்தோடு நீரில் ஊற்றினார்கள்.

இதை ஒரு நுண்ணுயிரியல் மாணவர் எப்படிப் படிப்பார்? குடிநீரில் மலக்கலப்பு இருக்கிறதா என்று பார்க்க நாம் தேடுவது எஷரிக்கியா கோலை என்ற பாக்டீரியாவை. 100 மில்லி குடிநீரில் அது ஒன்றுகூட இருக்கக் கூடாது. அது மனிதக் குடலில் மட்டுமல்ல, மாட்டுக் குடலிலும் வாழ்கிறது. நம் மக்கள் கையால் அள்ளிக் குடித்ததில் கெடாத குளத்தை, அதைச் சுத்தம் செய்தவர்கள்தான் கெடுத்தார்கள். தீட்டு என்ற கொள்கையும் தொற்று என்ற அறிவும் ஒரே குளத்தங்கரையில் எதிரெதிராக நின்ற நாள் அது.

தொற்று பற்றிய அறிவு அதற்கு 43 ஆண்டுகளுக்கு முன்பே இந்த நாட்டிலேயே நிறுவப்பட்டிருந்தது. 1884-ல் கல்கத்தாவில் ராபர்ட் கோக் காலராவின் பாக்டீரியாவை ஒரு குளத்து நீரில் கண்டார். சுற்றிக் குடியிருந்தவர்கள் அதில் குளித்தார்கள், துவைத்தார்கள், அதையே குடித்தார்கள். காலராவில் இறந்தவரின் துணியும் அதில் அலசப்பட்டிருந்தது. நோய் யார் பிறப்பிலும் இல்லை. கழிவும் குடிநீரும் ஒரே இடத்தில் சேரும்படி ஊர் அமைந்திருந்ததில்தான் இருந்தது.

2022 டிசம்பர் கடைசியில் புதுக்கோட்டை மாவட்டம் வேங்கைவயலில், பட்டியலின மக்கள் குடிக்கும் மேல்நிலைத் தொட்டியில் மலம் கலந்திருந்தது தெரியவந்தது. அதற்குமுன் குழந்தைகள் நோய்வாய்ப்பட்டிருந்தார்கள். தண்ணீரைப் பாருங்கள் என்று மருத்துவர்கள் சொன்னபிறகுதான் மேலே ஏறிப் பார்த்தார்கள். வழக்கைப் பற்றி இங்கே நாங்கள் தீர்ப்புச் சொல்ல வரவில்லை. தீட்டு தீட்டு என்று நம்மைத் தள்ளிவைத்த சமூகத்தில், நம் பிள்ளைகளின் குடலுக்குள் தொற்று போய்ச் சேர்ந்தது என்பதை மட்டும் பதிவு செய்கிறோம்.

இரட்டைக் குவளையும் அப்படித்தான். மனித வாயில் 700-க்கும் மேற்பட்ட பாக்டீரியா வகைகளைக் கண்டறிந்திருக்கிறார்கள். வெந்நீரில் கழுவினால் எல்லாக் குவளையும் ஒன்று, கழுவாவிட்டாலும் எல்லாக் குவளையும் ஒன்று. தனிக் குவளை வைத்தவர்கள் சுகாதாரத்துக்காக வைக்கவில்லை.

6. மேலே வந்த பிறகும்

குழியில் சாகாமல் மேலே வந்தவரின் உடலையும் குழி விடுவதில்லை. மருந்து எதிர்ப்புப் பாக்டீரியா என்று பத்திரிகைகளில் படிக்கிறோம். 2010-ல் என்டிஎம்-1 என்ற மரபணுவைப் பற்றிய ஆய்வு வெளியானது. கடைசி ஆயுதமாக வைத்திருந்த கார்பபெனெம் வகை மருந்துகளையும் செயலிழக்கச் செய்யும் மரபணு அது. சென்னைப் பல்கலைக்கழக ஆய்வாளர் அதில் முதன்மையானவர். சென்னை நோயாளிகளின் மாதிரிகளும் அதில் இருந்தன. அடுத்த ஆண்டு புதுதில்லியில் தெருவில் தேங்கிய கழிவுநீரை ஆராய்ந்தபோது 171 மாதிரிகளில் 51-ல் அந்த மரபணு இருந்தது. குழாய்த் தண்ணீரில் 50 மாதிரிகளில் 2-ல் இருந்தது.

மருத்துவமனைக் கழிவும் வீட்டுக் கழிவும் கலக்கிற சாக்கடையில் பாக்டீரியாக்கள் மரபணுக்களை ஒன்றுக்கொன்று கைமாற்றிக்கொள்கின்றன. கோழித் தீவனத்தில் வளர்ச்சிக்காக மருந்து கலந்தால் எச்சக் குவியலிலும் அதுவே நடக்கும். மனிதர்களுக்குக் கடைசி மருந்தான கோலிஸ்டினைக் கோழிகளுக்குக் கொடுக்கக் கூடாது என்று 2019 ஜூலையில் இந்திய அரசு தடை போட்டது. கோழிப்பண்ணை மாவட்டமான நமக்கு இந்தத் தேதி நினைவிருக்க வேண்டும்.

இப்படிப்பட்ட பாக்டீரியாவை முதலில் சந்திக்கிற கை யாருடையது? சாக்கடை அள்ளுகிறவருடையது, கோழி எருவை மூட்டை கட்டுகிறவருடையது. அவர் காலில் ஒரு கீறல் ஆறாமல் போனால், நாங்கள் அதைச் சர்க்கரை என்றும் குடி என்றும் மட்டும் சொல்லிப் பழகிவிட்டோம். இனி மருத்துவரிடம் போகும்போது என்ன வேலை செய்கிறோம் என்பதை முதல் வாக்கியமாகச் சொல்ல வேண்டும். வெட்கப்பட வேண்டியவர்கள் நாம் அல்ல.

7. சட்டமும் கசடும்

கையால் மலம் அள்ளுவதைத் தடுக்க 1993-ல் ஒரு சட்டம், 2013-ல் இன்னொரு சட்டம். 2013 சட்டப்படி ஆபத்தான முறையில் சாக்கடையையோ செப்டிக் டேங்கையோ சுத்தம் செய்ய ஆளை வைத்தால் முதல் குற்றத்துக்கே 2 ஆண்டு வரை சிறை, 2 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். ஆனால் பாதுகாப்புச் சாதனம் கொடுத்தால் அது ஆபத்தான வேலை ஆகாது என்ற ஓட்டையும் அதில் இருக்கிறது. 2014 மார்ச் 27-ல் உச்ச நீதிமன்றம் 1993 முதல் இறந்த ஒவ்வொருவர் குடும்பத்துக்கும் 10 லட்சம் கொடுக்கச் சொன்னது. 2023 அக்டோபர் 20-ல் அதை 30 லட்சமாக உயர்த்தியது. 1993 முதலான அரசுக் கணக்கிலேயே இத்தகைய சாவுகள் அதிகம் பதிவான மாநிலம் தமிழ்நாடு. இருநூறைத் தாண்டிய கணக்கு அது. பதிவாகாதவர்களில் எங்கள் பெரியப்பா போன்றவர்கள் சேரமாட்டார்கள்.

சட்டம் இருந்தும் ஆள் ஏன் இறக்கப்படுகிறார்? லாரி இருக்கிறது, குழாய் இருக்கிறது. ஆனால் நம் ஊர் டேங்க்குகள் பல பத்து, பதினைந்து ஆண்டுகள் திறக்கப்படுவதில்லை. அடிக்கசடு இறுகிப்போகிறது. லாரியின் குழாய் மேல்நீரை மட்டும் உறிஞ்சிவிட்டு நிற்கிறது. "அடியில கொஞ்சம் இருக்குது, எறங்கி அள்ளிருங்கப்பா" என்று வீட்டுக்காரர் சொல்கிறார். அந்தக் கொஞ்சத்தில்தான் நம் ஆள் சாகிறார். இரண்டு மூன்று ஆண்டுக்கு ஒருமுறை எடுத்தால் கசடு இளகியே இருக்கும், இயந்திரமே முழுதும் இழுத்துவிடும்.

எனவே எங்கள் கோரிக்கைகள் சிறியவை. மூன்று ஆண்டுக்குள் ஒருமுறை லாரி வைத்து எடுக்க வேண்டும். டேங்க்குக்குக் காற்றுப்போக்கிக் குழாய் வேண்டும். இறுகியிருந்தால் தண்ணீர் பீய்ச்சிக் கலக்கி, வெளியிலிருந்தே இழுக்க வேண்டும். வாயு அளக்கும் கருவி ஒவ்வொரு பேரூராட்சியிலும் இருக்க வேண்டும். எந்தக் காரணத்துக்காகவும் யாரும் உள்ளே இறங்கக் கூடாது, விழுந்தவரைக் காப்பாற்றவும்கூட. தீயணைப்புத் துறைக்குச் சொல்லுங்கள், காற்று உருளை மாட்டியவர்கள் மட்டும் இறங்கட்டும். முகத்தில் கட்டும் துணியும் தூசி முகமூடியும் இந்த வாயுவைத் தடுக்காது.

எழுதுகிறவர்களுக்கும் ஒரு வேலை இருக்கிறது. தகழி சிவசங்கரப் பிள்ளை 1947-ல் எழுதிய தோட்டியின் மகன் நாவலை சுந்தர ராமசாமியின் மொழிபெயர்ப்பில் நாம் படித்திருக்கிறோம். ஆலப்புழையில் மூன்று தலைமுறைத் தோட்டிகளின் கதை. 2017-ல் திவ்யபாரதி கக்கூஸ் ஆவணப்படத்தை எடுத்தார். இவை நாற்றத்தைச் சமூகத்தின் முகத்துக்கு நேராகக் கொண்டுவந்தன. அடுத்து நாம் எழுத வேண்டியது நாற்றம் நின்றுபோகும் அந்த நொடியை. பெரியப்பா சொன்ன அந்த நான்கு வாக்கியங்களில் வேதியியல் இருக்கிறது, உயிரியல் இருக்கிறது, சாதி இருக்கிறது. அப்படிச் சொல்லக்கூடியவர்கள் இந்தத் தெருக்களில் இன்னும் இருக்கிறார்கள். அவர்கள் இருக்கும்போதே கேட்டு எழுதிக்கொள்ள வேண்டும்.

முடிக்கிறோம். வாசலில் தேநீர் வைக்கும் மேசைக்குப் பக்கத்தில் இரண்டு நோட்டுகள் வைத்திருக்கிறோம். முதல் நோட்டில், உங்கள் வீட்டு டேங்க் கடைசியாக எந்த ஆண்டு எடுக்கப்பட்டது என்று எழுதிவிட்டுப் போங்கள். ஊர்த்தெரு, காலனி என்ற பிரிவு அதில் இல்லை, வீட்டு எண் போதும். காலம் கடந்த வீடுகளின் பட்டியலை நாங்களே பேரூராட்சி அலுவலகத்தில் கொடுப்போம். இரண்டாவது நோட்டு, குழியில் இறங்கியவர்களும் அவர்கள் வீட்டாரும் எழுதுவதற்கு. எழுதத் தெரியாதவர்கள் சொல்லுங்கள், பக்கத்தில் உட்கார்ந்து நாங்கள் எழுதுகிறோம். முதல் பக்கத்தில் பெரியப்பாவின் வார்த்தைகளை எழுதியிருக்கிறோம். பெரியம்மா கீழே கைநாட்டு வைத்திருக்கிறார்.